நம்ம ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு எவ்வளவு பணம் வரணும்னு நாமே கணக்குப் போட முடியுமா? (கலிஃபோர்னியா)

#1 சான்ஹோசே_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்க டிஸ்ட்ரிக்ட் போர்டு மீட்டிங்குக்குப் போயிருந்தேன். ஒரு எலிமெண்டரி ஸ்கூலை மூடலாமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க. திரையில காட்டின பட்ஜெட்ல அடுத்தடுத்து மூணு வருஷமும் துண்டு விழுது.

எனக்கு இது பிடிபடவே இல்லை. 2019-ல வீடு வாங்கினேன். பிராப்பர்ட்டி டாக்ஸ் மட்டும் வருஷம் 18,000 டாலருக்கு மேல கட்டுறேன். எங்க தெருவுல பாதிப் பேர் இப்படித்தான். ஆனா ஸ்கூல் ஃபவுண்டேஷன்ல இருந்து பிள்ளைக்கு இவ்வளவு நன்கொடை குடுங்கன்னு மெயில் மேல மெயில் வருது.

ரெண்டு கேள்வி. கட்டுற பணம் எங்கே போகுது? டிஸ்ட்ரிக்ட் சொல்ற எண் சரிதானான்னு வெளியாள் ஒருத்தன் கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கா? எக்செல் எனக்குத் தண்ணி பட்ட பாடு. விதிதான் தெரியலை.

#2 கிண்டல்_கோபி

டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் சம்பளப் பட்டியலைப் பாருங்க, எங்கே போகுதுன்னு தெரிஞ்சிடும். இதுக்கு எக்செல் எதுக்கு?

#3 கணக்குப்பிள்ளை

கோபி சொல்வது செலவு. இங்கே கேட்டிருப்பது வரவு. அதை முதலில் முடிப்போம்.

கணக்குப் போட முடியும். ஒரு பக்க எக்செல் போதும், நூற்றுக்கு ஒன்றிரண்டு பிசகில் விடை வந்துவிடும். ஒரு டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட் கமிட்டியில் பெற்றோர் சார்பில் உட்கார்ந்த பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்கள் வரியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இந்த மாநிலத்தில் கணக்கு வரியில் தொடங்குவதில்லை, பிள்ளைகளில் தொடங்குகிறது. 2013-ல் கொண்டுவந்த எல்.சி.எஃப்.எஃப். (லோக்கல் கண்ட்ரோல் ஃபண்டிங் ஃபார்முலா) என்ற பள்ளி நிதிச் சூத்திரம் முதலில் ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதை முடிவு செய்யும். அது எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது அப்புறம்.

வகுப்பு வாரியாகத் தலைக்கு ஒரு அடிப்படைத் தொகை உண்டு. முடிந்துபோன 2024-25 எண்களையே எடுத்துக்கொள்வோம்: மூன்றாம் வகுப்பு வரை 10,025 டாலர், 4 முதல் 6 வரை 10,177, ஏழும் எட்டும் 10,478, ஹைஸ்கூல் 12,144. இதில் சின்ன வகுப்புகளுக்கு வகுப்பளவைக் குறைவாக வைத்திருக்க 10.4 சதவீதம் கூடுதல், ஹைஸ்கூலுக்கு 2.6 சதவீதம் கூடுதல். ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றுவார்கள். அந்தக் 'கோலா' 2023-24-ல் 8.22, அடுத்த வருஷம் 1.07, 2025-26-க்கு 2.30 சதவீதம். இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வையுங்கள், பின்னால் வரும்.

ஒரு கற்பனை டிஸ்ட்ரிக்ட் எடுப்போம், எட்டாம் வகுப்பு வரை. கணக்கில் வரும் பிள்ளைகள் 4,000: சின்ன வகுப்பு 1,600, நடு வகுப்பு 1,300, ஏழும் எட்டும் 1,100. பெருக்கிக் கூட்டினால் 42.46 மில்லியன் டாலர். இது அடிப்படை.

இதன்மேல் தேவைக்கான பணம். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலீஷ் இன்னும் பிடிபடாத பிள்ளை, ஃபாஸ்டர் கேரில் வளரும் பிள்ளை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் வந்தால் ஒரு தலை. மூன்றிலும் வந்தாலும் ஒரே தலைதான். இவர்களின் விகிதம் எவ்வளவோ, அதை அடிப்படைத் தொகையின் 20 சதவீதத்தால் பெருக்கினால் சப்ளிமெண்டல் என்ற கூடுதல் தொகை. விகிதம் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு மட்டும் அடிப்படையில் 65 சதவீதம், கான்சன்ட்ரேஷன் என்ற இன்னொரு கூடுதல். 2021-22-க்கு முன் இது 50-ஆக இருந்தது.

நம் கற்பனை டிஸ்ட்ரிக்டில் அந்த விகிதம் 20 சதவீதம் என்றால் கூடுதலாக 1.7 மில்லியன், மொத்தம் 44.16. அதே 4,000 பிள்ளைகள், விகிதம் மட்டும் 70 சதவீதம் என்றால் சப்ளிமெண்டல் 5.95, கான்சன்ட்ரேஷன் 4.14, மொத்தம் 52.55. தலைக்கு 11,041 எங்கே, 13,138 எங்கே! சான்ஹோசே அப்பாவின் பகுதி முதல் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டிரான்ஸ்போர்ட், டி.கே. (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) போன்ற சில்லறைச் சேர்ப்புகளை விட்டிருக்கிறேன். முதல் மதிப்பீட்டுக்கு அவை வேண்டாம். நுணுக்கமாக வேண்டுமென்றால் எஃப்.சி.மேட் என்ற அமைப்பு எல்.சி.எஃப்.எஃப். கால்குலேட்டரை எக்செல் கோப்பாகவே இலவசமாகத் தருகிறது. டிஸ்ட்ரிக்டுகளும் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

#4 சான்ஹோசே_அப்பா

ரொம்ப நன்றி சார். ஆனா இதுல என் வரி எங்கேயுமே வரலையே?

#5 கணக்குப்பிள்ளை

இப்போது வருகிறது, உங்களுக்குப் பிடிக்காத விதத்தில்.

மொத்தம் 44.16 மில்லியன் என்று முடிவானதா? அதிலிருந்து அந்த டிஸ்ட்ரிக்டுக்கு வரும் பிராப்பர்ட்டி டாக்ஸ் பங்கைக் கழிப்பார்கள். உதாரணத்துக்கு 25 மில்லியன். 2012-ல் வாக்கெடுப்பில் வந்து 2016-ல் நீட்டிக்கப்பட்ட உயர்வருமான வரியின் ஒரு பகுதி இ.பி.ஏ. என்ற கணக்கில் வரும், அதையும் கழிப்பார்கள். மிச்சத்தை மாநிலம் நிரப்பும்.

அடுத்த வருஷம் உங்கள் ஊரில் வீடுகள் நல்ல விலைக்குக் கைமாறி டாக்ஸ் பங்கு 26 மில்லியன் ஆகிறது என்று வையுங்கள். மாநிலத்தின் பங்கு அதே அளவுக்கு ஒரு மில்லியன் குறையும். உங்கள் டிஸ்ட்ரிக்டுக்கு லாபம் பூஜ்யம். நீங்கள் 18,000 கட்டினாலும் 36,000 கட்டினாலும் உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்கு ஒரே பணம்தான்.

அதோடு நீங்கள் கட்டும் ஒரு சதவீதத்தில் கவுண்டி, சிட்டி, கம்யூனிட்டி காலேஜ், ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

#6 பழைய_புலி

தம்பி, உங்க தெருவுல பாதிப் பேர் 18,000 கட்டுறாங்கன்னு சொன்னீங்க. மீதிப் பாதி என்னை மாதிரி ஆளுங்க. நான் 1988-ல வாங்கினேன். உங்க வீட்டுல கால்வாசி கூட நான் கட்டுறது இல்லை. ப்ராப் 13, 1978-ல மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. வாங்கின விலைக்கு ஒரு சதவீதம், அப்புறம் மதிப்பு வருஷத்துக்கு ரெண்டு சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாது. விக்கிற வரைக்கும் அப்படியே ஓடும்.

திட்டுறதா இருந்தா திட்டுங்க. ஆனா இது இல்லைன்னா பென்ஷன்ல இருக்கிறவன் இந்த ஊர்ல குடியிருக்க முடியாது.

#7 கிண்டல்_கோபி

திட்டல சார், பொறாமைதான்.

#8 வகுப்பறை

இங்கே ஒரு பப்ளிக் ஸ்கூலில் ஆசிரியராக இருக்கிறேன். #5 படித்ததும் பலருக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் இந்தக் கழித்தல் ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு.

முன்பு ஒவ்வோர் ஊரும் தன் வரியைத் தானே வைத்துக்கொண்டது. 1968-69-ல் பெவர்லி ஹில்ஸில் ஒரு மாணவருக்கு 1,232 டாலர் செலவழித்தார்கள், அதே கவுண்டியிலிருக்கும் பால்ட்வின் பார்க்கில் 577. இத்தனைக்கும் பால்ட்வின் பார்க் மக்கள் அதிக வரி விகிதம் கட்டினார்கள்! அதைத்தான் செரானோ வழக்கில் 1971-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரின் சொத்து மதிப்பு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. சில வருஷத்தில் ப்ராப் 13-ம் வந்து வரியையே கட்டிப்போட்டது. அதன்பின் பணத்தின் கடிவாளம் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோ கைக்குப் போய்விட்டது.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க ஒரு மேஜை கிடையாது. அவர்களுக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது தாராளம் என்று எனக்குத் தோன்றவில்லை.

#9 ஆஸ்டின்காரன்

டெக்சாஸ்லயும் ஏறக்குறைய இதே கூத்துதான், பேர் மட்டும் வேற. பணக்கார டிஸ்ட்ரிக்ட் கிட்ட இருந்து வரியை ஸ்டேட் திரும்ப வாங்கிக்கும். 1993-ல இருந்து நடக்குது, ஜனங்க வச்ச பேரு 'ராபின் ஹுட்'. தலைக்கு அடிப்படை 2019-ல 6,160 ஆக்கினாங்க, ஆறு வருஷம் அதைத் தொடவே இல்லை. 2025-ல 55 டாலர் ஏத்தினாங்க. 55! இங்க தானா ஏறுற கோலா கிடையாது. உங்களுக்கு 1.07-னு அழுகை, எங்களுக்கு அதுவும் இல்லை.

ஒண்ணு மட்டும் வித்தியாசம். ஏழைப் பிள்ளைக்கான கூடுதல் இங்க ஒரே அளவு இல்லை. பிள்ளை குடியிருக்கிற சென்சஸ் பிளாக் எவ்வளவு நலிஞ்சதோ அதுக்குத் தக்கபடி 22.5-ல இருந்து 27.5 சதவீதம் வரைக்கும் போகும்.

#10 டப்ளின்_மீனா

அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். டிசம்பர்ல சென்னை போறோம், தம்பி கல்யாணம். லீவோட சேர்த்து பத்து ஸ்கூல் நாள் போயிடும். ஆபீஸ்ல சொன்னப்போ அந்தம்மா முகமே மாறிடுச்சு. பணத்துக்கும் அட்டெண்டன்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

#11 கணக்குப்பிள்ளை

உண்டும்மா, நேரடியாகவே. நான் மேலே கணக்கில் வரும் பிள்ளைகள் என்று எழுதினேனே, அது பெயர் பதிந்தவர்களின் எண்ணிக்கை இல்லை. ஏ.டி.ஏ., அதாவது சராசரி வருகை. உடம்பு சரியில்லாமல் வராவிட்டாலும் வராததுதான். நூறு பேர் பெயர் பதிந்து சராசரியாக 94 பேர் வந்தால் 94 பேருக்கே பணம். ஆசிரியர், அறை, விளக்கு எல்லாம் நூறு பேருக்கு.

பள்ளி நாள் 180. அதில் 10 நாள் போனால், நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோராயமாக 565 டாலர் போகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். இண்டிபெண்டண்ட் ஸ்டடி. கிளம்பும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஆசிரியர் தரும் பாடங்களை வாங்கிப் போய், முடித்துத் திருப்பிக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகவே எண்ணப்படும். கல்யாண வீட்டில் பிள்ளையை உட்கார வைத்து எழுத வைப்பது உங்கள் பொறுப்பு. திரும்பி வந்த பிறகு கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எண்ணிக்கைக்கான முக்கியமான காலம் ஜூலையில் தொடங்கி ஏப்ரல் 15-க்குள் முடியும் கடைசிப் பள்ளி மாதம் வரை. மே மாதம் பிள்ளைகள் வராவிட்டால் அந்தக் கணக்கு பாதிக்காது. அதற்காக மே மாதம் சுற்றுலா போகச் சொல்லவில்லை!

#12 பாலோ_ஆல்டோ_தமிழன்

எங்க ஊரில் இப்படி யாரும் முகத்தைத் தூக்கியதில்லையே?

#13 கணக்குப்பிள்ளை

உங்கள் ஊர்க் கதை தனி. அங்கே பிராப்பர்ட்டி டாக்ஸ் பங்கு மட்டுமே சூத்திரம் சொல்லும் தொகையைத் தாண்டிவிடும். தாண்டியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, வைத்துக்கொள்ளலாம். 'பேசிக் எய்ட்' என்பார்கள். பாலோ ஆல்டோ, மவுண்டன் வியூ லாஸ் ஆல்டோஸ் எல்லாம் இந்த வகை. ஆஸ்டின்காரர் சொன்ன ராபின் ஹுட் இங்கே வருவதில்லை.

அங்கே மதிப்பீடே தலைகீழ். பிள்ளைகளில் தொடங்காமல் அசெஸ்டு வேல்யூவில், அதாவது வரிக்காகக் கணக்கிடும் சொத்து மதிப்பில், தொடங்க வேண்டும். ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தால் செலவு மட்டும் கூடும், மாநிலப் பணம் கூடாது. அட்டெண்டன்ஸ் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் குறையாது. பக்கத்துப் பக்கத்து டிஸ்ட்ரிக்டில் இருக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லும்போது இந்த வேறுபாடு தெரியாமல்தான் பாதிச் சண்டை வருகிறது.

செரானோ தீர்ப்பு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் இந்த ஓட்டை அடைபடவில்லை என்பது என் வருத்தம். பாலோ ஆல்டோ தமிழன் மன்னிக்கவும்.

#14 டப்ளின்_மீனா

இன்னொண்ணு. ஸ்கூல்ல எல்லாருக்கும் சாப்பாடு இலவசம். அப்புறம் எதுக்கு வருமானப் படிவம் அனுப்பிட்டே இருக்காங்க? நான் இதுவரைக்கும் நிரப்பினதே இல்லை.

#15 வகுப்பறை

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான், மீனா.

2022-23-க்கு முன் குறைந்த வருமானக் குடும்பங்கள் இலவசச் சாப்பாட்டுக்காக விண்ணப்பிப்பார்கள். அந்த விண்ணப்பத்தை வைத்தே தலை எண்ணினார்கள். இப்போது எல்லாருக்கும் சாப்பாடு என்றானதும் விண்ணப்பிக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. ஆனால் சூத்திரத்துக்கு அந்த எண் இன்னும் வேண்டும். அதற்காகத்தான் மாற்று வருமானப் படிவம். கால்ஃப்ரெஷ் (உணவு உதவி), கால்வொர்க்ஸ் (பண உதவி) வாங்கும் குடும்பங்கள் தானாகவே எண்ணிக்கையில் வந்துவிடும். விடுபடுவது இடைப்பட்டவர்கள். 2024-25-ல் நாலு பேர் குடும்பத்துக்கு வரம்பு வருஷம் 57,720 டாலர். நம் ஆட்கள் எல்லாரும் ஐ.டி.யில் என்று ஒரு நினைப்பு. ரெஸ்டாரண்ட் கிச்சனில் நிற்பவர், ஆராய்ச்சி மாணவர், ஒருவர் வருமானத்தில் ஓடும் வீடு எல்லாம் நம் கூட்டத்திலேயே இருக்கின்றன. 'நமக்கு எதுக்கு இந்த ஏழைப் படிவம்' என்று தூக்கிப் போடுகிறார்கள். அந்தப் படிவத்தில் குடியேற்ற நிலையைக் கேட்பதே இல்லை.

#16 கணக்குப்பிள்ளை

வகுப்பறை சொன்னதற்கு எண் சேர்க்கிறேன். என் கற்பனை டிஸ்ட்ரிக்டில் தலைக்குச் சராசரி அடிப்படை 10,616. விகிதம் 20 சதவீதமாக இருக்கும் ஊரில் ஒரு பிள்ளை புதிதாக இந்த எண்ணிக்கையில் சேர்ந்தால் ஏறக்குறைய 2,120 டாலர். 70 சதவீத ஊரில் அதே பிள்ளைக்கு 20-உம் 65-உம் சேர்ந்து 85 சதவீதம், ஏறக்குறைய 9,020 டாலர். விகிதத்துக்கு மூன்று வருஷச் சராசரி எடுப்பதால் முழுப் பலனும் ஒரே வருஷத்தில் கையில் வராது, மூன்றாகப் பிரிந்து வரும்.

எண்ணும் நாள் அக்டோபர் முதல் புதன்கிழமை. ஆகஸ்டில் வருமானப் படிவத்தோடு வரும் மெயிலை நவம்பரில் திறந்து பார்ப்பவர்கள் கவனிக்கவும்.

#17 கிண்டல்_கோபி

அப்போ இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கும் பணம் உண்டுன்னீங்களே. எங்க வாட்ஸ்ஆப் குழுவுல எல்லாரும் சொல்றது, ஸ்கூல்ல சேர்க்கும்போது வீட்டுமொழி படிவத்துல 'இங்கிலீஷ்'னு மட்டும் போடு, தமிழ்னு போட்டா பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்கன்னு. இப்போ தமிழ்னு போட்டா ஸ்கூலுக்குக் காசா?

#18 வகுப்பறை

தமிழ் என்று போட்டவுடன் காசு வராது கோபி. தமிழ் என்று எழுதினால் முப்பது நாளுக்குள் எல்பேக் என்ற இங்கிலீஷ் தேர்வு வைப்பார்கள். அதில் தேறிவிட்டால் பிள்ளை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. தேறாவிட்டால்தான் இங்கிலீஷ் லேர்னர். பின்னால் இங்கிலீஷ் தேறியதாக மறுவகைப்படுத்திய நாளிலிருந்து எண்ணிக்கையிலிருந்து வெளியே.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அவ்வளவுதான். பாட்டி தாத்தாவோடு வளர்ந்து நேராகக் கிண்டர்கார்டன் வந்த பிள்ளைக்கு 'இங்கிலீஷ்' என்று எழுதினால், அதற்குச் சேர வேண்டிய உதவி நேரம் போகும். டிஸ்ட்ரிக்டுக்கும் தேவையின் அளவு தெரியாமல் போகும். ஆனால் எதிர்ப்பக்கப் பயமும் பொய்யில்லை. வருஷக்கணக்காக அந்த வகையிலேயே தங்கிவிடும் பிள்ளைகள் உண்டு, மிடில் ஸ்கூலில் விருப்பப் பாடத்துக்கு இடமில்லாமல் போவதுண்டு. அதற்கு மருந்து, வருஷா வருஷம் மறுவகைப்படுத்தும் அளவுகோலை ஆசிரியரிடம் கேட்பது. படிவத்தில் மறைப்பது இல்லை.

#19 சிறகுகள்

என் மகனுக்கு ஆட்டிசம். இத்தனை நேரம் படித்தேன், எங்கள் பிள்ளைகள் அந்தத் தேவைப் பட்டியலில் எங்கே?

#20 கணக்குப்பிள்ளை

இந்தச் சூத்திரத்தில் இல்லை. ஸ்பெஷல் எஜுகேஷனுக்குத் தனிப் பணம். வேடிக்கை என்னவென்றால், 1997-ன் ஏ.பி. 602 சட்டப்படி மாநிலம் அதைக் கொடுப்பது பெரும்பாலும் மொத்த மாணவர் வருகையை வைத்து. ஒரு டிஸ்ட்ரிக்டில் நூற்றுக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு ஐ.இ.பி. (ஸ்பெஷல் எஜுகேஷனுக்கான தனிக் கல்வித் திட்டம்) இருந்தாலும் பதினாறு பேருக்கு இருந்தாலும் அந்த அடிப்படை விகிதம் ஒன்றுதான். அடையாளம் கண்டால் பணம் என்று வைத்தால் தேவையில்லாமல் முத்திரை குத்துவார்கள் என்பது அதன் நியாயம். ஃபெடரல் அரசு 1975-ல், ஒரு மாணவருக்கு நாட்டில் ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சட்டத்தில் எழுதியது, ஒரு வருஷம்கூட அந்த அளவைத் தொட்டதில்லை.

சட்டப்படி சேவையை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. வரும் பணம் போதாதபோது பொதுப் பணத்திலிருந்து எடுக்கிறார்கள். பட்ஜெட் தாளில் 'காண்ட்ரிபியூஷன்' என்ற வரியில் பெரிய மைனஸ் எண் இருக்கும், பெரும்பாலும் இதற்குத்தான். உங்கள் எக்செலில் தனி வரி வையுங்கள். இல்லையென்றால் மதிப்பீடு அழகாக வரும், பொய்யாக வரும்.

#21 சிறகுகள்

நன்றி. போர்டு மீட்டிங்கில் ஒருவர் 'ஸ்பெஷல் எஜுகேஷன்தான் பட்ஜெட்டைத் தின்னுது' என்று மைக்கில் சொன்னார். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எண்ணைச் சொல்கிறவர்கள் அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

#22 பழைய_புலி

அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம், 40 தர்றேன்னு சொல்லிட்டுத் தராதவனைக் கேக்கணும்.

சரி, பாண்டு, பார்சல் டாக்ஸ்னு ஓட்டுச் சீட்டுல வருதே, அது இந்தக் கணக்குல எங்கே?

#23 கணக்குப்பிள்ளை

பாண்ட் கட்டடத்துக்கு மட்டும். 2000-ல் வந்த ப்ராப் 39-க்குப் பிறகு 55 சதவீத ஓட்டுப் போதும். அந்தப் பணத்தில் புதிய ஜிம் கட்டலாம், ஒரு ஆசிரியருக்கு ஒரு மாதச் சம்பளம் தர முடியாது. 'கோடிக்கணக்கில் கட்டடம் கட்டுறாங்க, டீச்சரை ஏன் நீக்குறாங்க' என்ற கேள்விக்கு விடை இதுதான்.

பார்சல் டாக்ஸ் சம்பளத்துக்குப் போகலாம். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், பெரும்பாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. மாநிலம் இதைக் கழிக்காது. உள்ளூர்க்காரர் தன் டிஸ்ட்ரிக்டுக்கு உண்மையிலேயே பணம் சேர்க்க இருக்கும் வழி இதுவும் நன்கொடையும் மட்டுமே. சான்ஹோசே அப்பாவுக்கு மெயில் மேல் மெயில் வருவதன் காரணமும் அதுவே.

லாட்டரி? விளம்பரத்தில்தான் பெரிசு. பட்ஜெட்டில் நூற்றுக்கு ஒன்றிரண்டு.

#24 கிண்டல்_கோபி

அப்போ வசதியான ஊர்க்காரன் நன்கொடையில சேர்த்துக்குவான், 70 சதவீத ஊர்க்காரன் சூத்திரத்துல வாங்கிக்குவான். ரெண்டுங்கெட்டான் நாப்பது சதவீத ஊர்?

#25 வகுப்பறை

கிண்டலாகக் கேட்டாலும் சரியான இடத்தில் தொட்டீர்கள். 55-க்குக் கீழே கான்சன்ட்ரேஷன் கிடையாது, அதுவும் டிஸ்ட்ரிக்ட் அளவில்தான் பார்ப்பார்கள். மொத்தத்தில் 40 சதவீதமாக இருக்கும் டிஸ்ட்ரிக்டில் ஒரே ஒரு பள்ளி 85 சதவீதமாக இருந்தாலும் அந்தப் பள்ளிக்கு அந்தப் பணம் கிடையாது. நான் வேலை செய்வது அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான்.

#26 சான்ஹோசே_அப்பா

ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எக்செல் போட்டேன். எங்க டிஸ்ட்ரிக்ட் எண்ணுக்கும் எனக்கும் ஒன்றரை சதவீதம் வித்தியாசம். ஆனா எங்க ஏ.டி.ஏ. 2025-26-க்கு 6,000-னு தாள்ல போட்டிருக்கு, பணம் மட்டும் 6,300 பேருக்கு வருது. இது என்ன மாயம்?

#27 கணக்குப்பிள்ளை

மாயம் இல்லை, பாதுகாப்பு. மூடலாமா என்ற பேச்சு வருவதற்கும் இதுவே காரணம். இந்த வருஷ வருகை, போன வருஷ வருகை, முந்தைய மூன்று வருஷச் சராசரி, இம்மூன்றில் எது பெரிதோ அதற்குப் பணம். 2022-23-லிருந்து இந்த விதி. உங்கள் எண்கள் 6,450, 6,300, 6,150, இப்போது 6,000 என்று இறங்கி வந்திருக்குமே?

#28 சான்ஹோசே_அப்பா

அப்படியேதான் சார். வருஷம் 150 குறையுது.

#29 கணக்குப்பிள்ளை

முந்தைய மூன்றின் சராசரி 6,300. அதாவது வகுப்பில் இல்லாத 300 பிள்ளைகளுக்கு இப்போது பணம் வருகிறது. நாளையே சரிவு நின்று 6,000-லேயே நிலைத்தாலும் அடுத்த வருஷம் 6,150, அதற்கடுத்த வருஷம் 6,050, அப்புறம்தான் 6,000. பிள்ளைகள் குறைவது நின்ற பிறகும் மூன்று வருஷம் பணம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்த வருஷத்தைப் பாருங்கள். 6,300-லிருந்து 6,150 என்றால் 2.4 சதவீத இறக்கம். இந்த வருஷம் வந்த 2.30 மாதிரி ஒரு கோலா மறுபடி வந்தாலும் அதை அப்படியே தின்றுவிடும், வரவு நகராது. செலவு நிற்குமா? ஆசிரியருக்கு அனுபவப் படி ஏறும், ஹெல்த் இன்சூரன்ஸ் ஏறும், சம்பளத்தில் 19.1 சதவீதம் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு டிஸ்ட்ரிக்ட் கட்ட வேண்டும். கோலா 8.22 வந்த வருஷம் போட்ட சம்பள ஒப்பந்தம் 1.07 வந்த வருஷமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கோபிக்கு விடை இங்கே இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் மேலாளர்களை எல்லாம் அனுப்பிவிட்டாலும் இந்த இறக்கம் அப்படியே இருக்கும்.

மாநிலம் முழுக்க இதே நிலைதான். 2004-05 வாக்கில் 63 லட்சமாக இருந்த பப்ளிக் ஸ்கூல் பிள்ளைகள் 2024-25-ல் 58 லட்சம்.

#30 கிண்டல்_கோபி

விடமாட்டேன் சார். அப்போ ஸ்கூலை மூடினா மிச்சம் ஆகுமா ஆகாதா?

#31 கணக்குப்பிள்ளை

ஆகும், ஆனால் ஜனங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பிள்ளைகளோடு ஆசிரியர்களும் அடுத்த பள்ளிக்குப் போவார்கள். மிச்சம் பிரின்சிபால், ஆபீஸ் ஆட்கள், துப்புரவு, கரண்ட். காலி இடத்தை விற்றாலும் அந்தப் பணம் பொதுவாகக் கட்டடச் செலவுக்குத்தான், சம்பளத்துக்கு இல்லை. மூடும் கோபத்தில் நாற்பது குடும்பம் வேறு இடம் போனால் போட்ட கணக்கே புரண்டுவிடும். அந்த நாற்பதை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

#32 சான்ஹோசே_அப்பா

இப்போ எனக்கு டிஸ்ட்ரிக்ட் மேல இருந்த சந்தேகம் வேற மாதிரி ஆயிடுச்சு. கூட்டல் கழித்தல் சரி. ஊகம்தான் கேள்வி. அடுத்த மீட்டிங்ல மூணு நிமிஷம் பேசப் பேர் குடுத்திருக்கேன். என்ன கேக்கலாம்?

#33 கணக்குப்பிள்ளை

டிசம்பர் 15-க்குள் முதல் இடைக்கால அறிக்கையைப் போர்டு நிறைவேற்றியாக வேண்டும். அதில் மூன்று வருஷக் கணக்கு இருக்கும். 1991-ன் ஏ.பி. 1200 சட்டம் கேட்பது. செலவைச் சமாளிக்க முடியும் என்றால் பாசிட்டிவ், சந்தேகம் என்றால் குவாலிஃபைட், முடியாது என்றால் நெகட்டிவ் என்று தாங்களே முத்திரை போட்டுக் கவுண்டிக்கு அனுப்புவார்கள். மார்ச் 15-க்குள் ஆசிரியர்களுக்கு முதற்கட்ட லே-ஆஃப் நோட்டீஸ் போக வேண்டும் என்பதால் உண்மையான முடிவு பிப்ரவரியிலேயே எடுத்துவிடுவார்கள். பேசுவதானால் அதற்கு முன்.

மூன்றாம் வருஷத்துக்கு எந்த ஏ.டி.ஏ.வை, எந்தக் கோலாவை வைத்தீர்கள், ஏன்? பெயர் பதிந்ததற்கும் வந்ததற்கும் இடைவெளி எவ்வளவு, பள்ளி வாரியாக? மாற்று வருமானப் படிவம் எத்தனை குடும்பத்துக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது? இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை.

#34 டப்ளின்_மீனா

எங்க டிஸ்ட்ரிக்ட் தளத்துல அந்தப் படிவம் தமிழ்ல இருக்கான்னு தேடினேன், காணோம். ஸ்பானிஷ், சைனீஸ் இருக்கு. இங்கிலீஷ் படிவத்தை வச்சுக்கிட்டு ஃபோன்ல சொல்லிக் குடுக்க நான் ரெடி. நம்ம பக்கம் யாருக்காவது வேணும்னா தனிச் செய்தி அனுப்புங்க. கல்யாணத்துக்குக் கிளம்புறதுக்குள்ள அனுப்புங்க.

#35 வகுப்பறை

மீனா, மொழிபெயர்த்துத் தரும்படி டிஸ்ட்ரிக்டைக் கேட்கலாம். ஒரு பள்ளியில் 15 சதவீதமோ அதற்கு மேலோ பிள்ளைகள் இங்கிலீஷ் அல்லாத ஒரே தாய்மொழிக்காரர்களாக இருந்தால் பெற்றோருக்கான அறிவிப்புகளை அந்த மொழியிலும் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அந்த 15 சதவீதத்தை எதை வைத்து எண்ணுகிறார்கள் தெரியுமா? நம் ஆட்கள் 'இங்கிலீஷ்' என்று எழுதிவிட்டு வரும் அதே பள்ளிப் பதிவுகளை வைத்துத்தான்.